மதிலுக்குள் ஒரு மணிமுடி

பெண்ணொருத்தி பெரும்பதவி ஒன்றில் அமர்ந்துவிட்டால் நம் ஏடுகளுக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. ‘முதல் பெண்மணி’ என்பதே அச்சொல். படம் போடுவர், பாமாலை சூட்டுவர், பக்கத்தைப் புரட்டிவிடுவர். முதலாமவர் வந்தார், சரி, இரண்டாமவர் எங்கே? மூன்றாமவர் எப்போது? இவ்வினாவை எழுப்பாத பாராட்டைப் பாராட்டென்று நாம் கொள்வதற்கில்லை. இவ்வளவுகோலைக் கையிலேந்தியே கல்வியாளர் இராஜம்மாள் தேவதாஸ் அவர்களின் பொதுவாழ்வை நோக்க விழைகிறோம்.

1919இல் செங்கத்தில் பிறந்தவர் அவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றார். கடல் கடந்து சென்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவிநாசிலிங்கனார் 1957இல் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரிக்கு முதல்வராகி அதனை வளர்த்தார். அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, அதன் முதல் துணைவேந்தரும் அவரே. 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2002இல் மறைந்தார்.

“மனையியலா? அடுப்படியை விட்டு வெளியே வா என்று நாம் அழைக்கிறோம். இவர்களோ அடுப்படிக்கே பட்டம் தருகிறார்களே!” என்று பகுத்தறிவாளர் வினவக்கூடும். வினவட்டும், வினவத்தான் வேண்டும். பெண்ணுக்கென்று தனிப்பாடம் வகுத்தவர்களின் உள்ளத்தில், நல்ல மனைவியை ஆக்கித்தரும் நோக்கமும் இருந்தது என்பதை மறுப்பார் யார்?

ஆனால், இராஜம்மாள் அந்நோக்கத்தின் எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. உணவைச் சுவையால் மட்டும் அளந்து வந்த நாட்டில், அதைச் சத்தால் அளக்கும் துறையைக் கட்டி எழுப்பியவர்களுள் அவர் ஒருவர். ஏழைக் குழந்தையின் தட்டில் விழும் மதிய உணவு அக்குழந்தையின் உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தைப் பற்றி ஆய்வுரை எழுதினார். தாய் தன் வீட்டுக்குள் பார்த்துவந்த பசிக்கணக்கை, அரசு பார்க்க வேண்டிய கணக்காக்கியது அவருடைய துறை. அடுப்படிக்குப் பூட்டிய விலங்கு என்று பிறர் கருதிய பாடத்தை, அடுப்படியின் கதவைத் திறக்கும் திறவுகோலாக்கினார். இது சிறிய செயலன்று.

குறை எங்கே? அவர்பால் இல்லை, அவருக்கு அளிக்கப்பட்ட அரங்கில் இருக்கிறது. மகளிர் நிறுவனம், மகளிர் பாடம், அங்கே மகளிர் தலைமை! மதிலுக்குள் மணிமுடி சூட்டிக்கொள்ளலாம். மதிலைத் தாண்டினால் மாற்றான் நாடு. 1949லேயே பரோடாவில், இருபாலரும் பயிலும் பல்கலைக்கழகத்துக்கு அன்சா மேத்தா துணைவேந்தரானார். நம் கோவையிலோ, 1971இல் எழுந்த வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் முதல் பெண் துணைவேந்தராகக் கீதாலட்சுமி அவர்களைக் கண்டது 2022இல்தான். நாற்று நடுபவள் பெண்; களை பறிப்பவள் பெண்; கதிர் அறுப்பவளும் பெண். வேளாண் கல்வியின் தலைமை நாற்காலிக்கு மட்டும் அவள் வந்துசேர 51 ஆண்டுகள்!

இக்குறை படித்தவர்களின் பதவிப் பிணக்கு என்று எண்ணிவிட வேண்டா. நாம் பாடம் சொல்லித்தரும் திருப்பெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துக்கு வந்து பாருங்கள். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமியரின் அக்காமார், விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகின்றனர். உலகமெங்கும் ஒலிக்கும் கைப்பேசி அவர்கள் விரல்களில் உருவாகிறது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகி அவர்களுள் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் படுத்தனர். தோழியர் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்கள் சிலவும் தரம் குறைந்தவை என்று, அக்கைப்பேசியை விற்கும் அயல்நாட்டு நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

ஊட்டச்சத்து அறிவியலுக்கு ஒரு பல்கலைக்கழகமே கண்ட தமிழ்நாட்டில், உழைக்கும் பெண்ணின் தட்டில் நஞ்சு! அறிவு இல்லாமலா? இருக்கிறது. அவ்வறிவைக் கற்ற பெண்கள் இல்லாமலா? இருக்கிறார்கள். ஆணையிடும் இடத்தில் அவர்கள் இல்லை, அதுவே காரணம். மதிலுக்குள் முடி சூட்டி மகிழ்ந்த சமுதாயம், மதிலுக்கு வெளியே அம்முடிக்கு அதிகாரம் தரவில்லை. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் தமிழக முதலமைச்சர் திறந்துவைத்தார். வரவேற்கிறோம். அங்கே உலையில் ஏறுவதை முடிவு செய்பவர் யார்? குத்தகைதாரரா, கற்றறிந்த பெண்ணா? இவ்வினாவுக்கு விடை வேண்டும்.

இவ்வட்டாரத்துக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில்தான் 1929இல் சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணின் சொத்துரிமையையும் கல்வியையும் முழங்கிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு வழங்கிவந்த திருமண உதவி, 2022இல் அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாயிற்று. தாலிக்குச் சென்ற பணம் நூலுக்குச் செல்கிறது. நல்ல மாற்றம்! ஆயினும் அது வாயில்வரை கொண்டுவிடும் வண்டிதான். உள்ளே நுழைந்தவள் மாணவியாகவே நின்றுவிடாமல், ஆசிரியையாய், முதல்வராய், துணைவேந்தராய், ஆலையின் உணவுக்கூடத்தை ஆளும் அறிஞராய் உயர வழி செய்தாக வேண்டும்.

இராஜம்மாள் அவர்களுக்குச் சிலை வேண்டா. பின்வந்தோர் வரிசை வேண்டும். ‘முதல் பெண்மணி’ என்னும் சொல் செய்தியாக இல்லாது ஒழியும் நாளே, அவர் தொடங்கிய பணி நிறைவேறும் நாள்.