இரவல் மைதானத்தில் வென்ற கோப்பை

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறி, துடியலூர், கவுண்டம்பாளையம் நெரிசலைத் தாண்டி, காந்திபுரத்தில் இறங்கிக் கோவை நேரு ஸ்டேடியத்துக்குள் நுழைவதற்குள் சென்னை சிட்டி அணியின் கால்பந்து ஆட்டம் தொடங்கிவிட்டது. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டிருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி இங்கே ஜெயிக்கத் தவறி, ஈஸ்ட் பெங்கால் அங்கே ஜெயித்தால் தேசியத் தொடரான ஐ-லீக்கின் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. 43 புள்ளி, 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், தமிழ்நாட்டின் கிளப் ஒன்று முதன்முதலாக ஐ-லீக்கை வென்றது.

கேலரியில் என் பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “பேரு சென்னையா இருந்தா என்னங்க தம்பி, வெளையாடறது நம்மூர்லதானுங்களே” என்றார். அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது அந்த வார்த்தையை வேறு மாதிரி யோசிக்கிறேன். விளையாடுகிற இடம் ஒரு கிளப்பின் ஊர் ஆகிவிடுமா?

அந்த அணி கோவைக்கு வந்த கதையே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 2017-18 பருவத்தில் இன்னொரு தேசியத் தொடரான ஐ.எஸ்.எல். நீண்டுபோய், ஐ-லீக்கும் அதுவும் ஒரே மாதங்களில் நடந்தன. சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் ஐ.எஸ்.எல். அணியான ‘சென்னையின் எஃப்.சி.’யின் சொந்தக் களம். அதனால் தலைநகரின் பெயரைத் தாங்கிய இன்னொரு அணியான சென்னை சிட்டி ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொது ஸ்டேடியத்தில் ஆடியது.

இதில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. கால்பந்து ஸ்டேடியம் கட்டுவது சிறிய கிளப்பால் ஆகிற காரியம் இல்லை. கோப்பை வென்ற அந்தப் பருவத்தில் ஐ-லீக்கில் ஓர் அணிக்குச் சொந்த ஊர் ஆட்டம் பத்துதான். வருடத்தில் பத்து நாளுக்காக யாரும் நகரத்தின் நடுவே ஏக்கர் கணக்கில் நிலம் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய இடம் பூட்டிக் கிடப்பதைவிட ஆட்டம் நடப்பது நல்லது. அதைவிடப் பெரிய நன்மை, அதுவரை டிவியில் மட்டும் பார்த்த தேசிய லீக்கைக் கோவைப் பையன்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 21 கோல் அடித்த மான்சியை, நடுக்களத்தை ஆண்ட நெஸ்டர் கோர்டியோவை, நம் எட்வின் சிட்னியை, ரொமாரியோவை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மூன்று வருடங்கள் அவர்களுக்குக் கிடைத்ததே இரவல் மைதானத்தால்தான்.

ஆனால் அதே வேலியிலிருந்து பாருங்கள். வேலிக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம். கார்னர் அடிப்பவர் தடத்துக்கு அந்தப்புறம் பொம்மை அளவில் தெரிவார். கேலரியின் சத்தம் ஆடுபவர் காதுக்குப் போய்ச் சேர நேரமாகும். தடகளத்துக்கு அந்த வளாகம் அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. இருந்தாலும், எல்லாருக்குமான இடம் எதற்கும் முழுதாகப் பொருந்தாது. இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்புக்கு இந்த வேதனை தெரியும். விற்கப்பட்டுவிட்ட தங்கள் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1997-இல் அவர்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஜில்லிங்காமில் ஆடினார்கள். பிறகு 1999 முதல் 2011 வரை தங்கள் ஊரிலேயே வித்டீன் என்ற தடகள மைதானத்தில். ரசிகர்கள் விடாமல் போராடியதில் 2011-இல் சொந்த ஸ்டேடியம் திறந்தது. இன்று அந்த அணி பிரீமியர் லீக்கில் ஆடுகிறது.

அப்படியானால் பகிர்வதே குற்றமா? இத்தாலியின் மிலானைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே சான் சிரோ ஸ்டேடியம் 1926-இல் திறந்தது, 1947-இலிருந்து ஏ.சி. மிலானும் இன்டரும் ஒரே புல்லில் ஆடுகின்றன. பரம வைரிகள், ஒரே வீடு. இரண்டுமே ஐரோப்பியக் கோப்பைகளை வாரிக் குவித்தன. பல பத்தாண்டுகள் அந்த ஸ்டேடியம் நகராட்சியின் சொத்தாகத்தான் இருந்தது.

மிலான் தூரம் என்றால் கொல்கத்தா போதும். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பெரிய ஆட்டங்களை ஆடுவது சால்ட் லேக் ஸ்டேடியத்தில். அது இருவருக்கும் சொந்தமில்லை. ஆனால் மைதான் பகுதியில் இருவருக்கும் அவரவர் சின்ன ஆடுகளம் உண்டு, கிளப் கூடாரம் உண்டு, சந்தா கட்டும் உறுப்பினர் உண்டு. அந்த நிலம்கூட ராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. ஈஸ்ட் பெங்கால் தன் களத்தை ஆரியன் கிளப்போடு பகிர்ந்துகொள்கிறது. அதாவது பத்திரம் கிளப்பின் பெயரில் இல்லை, பாத்தியதை இருக்கிறது. தாத்தா உட்கார்ந்த அதே படியில் பேரன் உட்காருகிறான். ஆட்டம் இல்லாத நாளிலும் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

சென்னை சிட்டிக்குக் கோவையில் இல்லாமல் போனது இதுதான் என்பது என் முடிவு. ஆட்ட நாளில் கொடி பறந்தது, மறுநாள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், “இதுதான்டா நம்ம டீமோட இடம்” என்று காட்ட ஒரு கதவு இல்லை. கோப்பை வென்ற அதே 2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அந்த அணியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. வெளிநாட்டுப் பணம் வந்தும் உள்ளூரில் வேர் பிடிக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவை எதிர்த்து, சாம்பியன் அணியின் ‘சொந்த ஊர்’ ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது. 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவுடனான ஆட்டமும் அங்கேயேதான், 2-2. தமிழ்நாட்டுக் கிளப் ஆசியக் களத்தில் இறங்கிய நாளில், மார்ச் 9 அன்று தொண்டை கிழியக் கத்திய ஒருவராலும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியவில்லை. மான்சி அதற்குள் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போய்விட்டார், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு. கொரோனா காரணமாக 2020-21 லீக் முழுவதும் வங்காளத்தில் நடந்தது. அதற்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

ஓர் அணி மறைந்ததற்குப் பணம், நிர்வாகம் என்று பல காரணம் இருக்கும். எல்லாப் பழியையும் மைதானத்தின் தலையில் போட மாட்டேன். ஆனால் பிரைட்டனில் ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள், கோவையில் யாரும் வரவில்லை. நாங்கள் வராததற்குக் காரணம் பாசக்குறைவு அல்ல. அந்த அணியை எங்கள் சொத்தாக நினைக்க எங்களுக்கு எதுவும் தரப்படவில்லை: பெயரில் ஊர் இல்லை, உறுப்பினர் சீட்டு இல்லை, பயிற்சி பார்க்க ஒரு திடல் இல்லை.

இத்தனைக்கும் இதற்குக் கோடிகள் தேவையில்லை. எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்துக்குள் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் உருவாகிற இடம். இப்படி ஒரு நிறுவனத்தோடு கைகோத்து ஒரு பயிற்சித் திடலும் சிறுவர் அணியும் அமைத்திருந்தால், பெரிய ஆட்டம் எங்கே நடந்தாலும் அணியின் வீடு இங்கே இருந்திருக்கும்.

நாளைக்குக் கோவைக்கு இன்னொரு அணி வரலாம். வரட்டும், நேரு ஸ்டேடியத்தைத் தாராளமாகப் பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் ஸ்டேடியத்தைத் தருகிறவர்கள் பருவத்துக்குப் பருவம் கணக்குப் பார்க்காமல், குறைந்தது பத்து வருடத்துக்குத் தேதி, பராமரிப்பு, வருமானப் பங்கு எல்லாவற்றையும் எழுத்தில் எழுதித் தரட்டும். வருகிற அணி இந்த மாவட்டத்துக்குள் ஒரு பயிற்சித் திடலை முதல் வருடத்திலேயே காட்டட்டும். இந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டியது ரசிகர்களாகிய நாம்தான், அதுவும் முதல் டிக்கெட் வாங்கும்போதே.