கடைசிக் கால் மணி நேரத்து ட்ரம்பெட்

திரையில் ‘ஸ்டார் வார்ஸ்’ முழுப் படமும் ஓட, அதன் பின்னணி இசை மொத்தத்தையும் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் உட்கார்ந்து நேரடியாக வாசிக்கும் கச்சேரிகளுக்கு வெளிநாட்டு அரங்குகளில் நல்ல கூட்டம். விமர்சகர்கள் இசை நடத்துநரைத்தான் பெரும்பாலும் அலசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மாலை தேறுமா தேறாதா என்பது ட்ரம்பெட் வரிசையின் கையில் இருக்கிறது.

நடத்துநர் வேலை லேசானதல்ல. அவர் முன்னால் ஒரு சின்னத் திரை. படத்தின் மேல் வண்ணக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகரும்; அது ஓரத்தைத் தொட்டதும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். அந்தக் கணத்தில் தாளம் விழுந்தாக வேண்டும். ஹாலிவுட்டில் இந்த முறையை நிலைநிறுத்தியவர் ஆல்ஃபிரட் நியூமன். படத்துக்கு முன்னால் வரும் ஃபாக்ஸ் நிறுவன முழக்கமும் அவர் 1933இல் எழுதியதுதான். 2017இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இந்தப் படத்தை வாசித்தபோது நடத்தியவர் அவருடைய மகன் டேவிட் நியூமன்! ஆனால் கோடு கொஞ்சம் தப்பினால் தேர்ந்த நடத்துநர் நாலு தாளத்துக்குள் எட்டிப் பிடித்துவிடுவார். உதடு தளர்ந்துபோன ட்ரம்பெட் கலைஞருக்கு அந்த வழியில்லை.

1977 மார்ச்சில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இந்த இசையைப் பதிவு செய்தபோது, காட்சி காட்சியாகப் பிரித்துப் பல நாட்கள் வாசித்தார்கள். முதல் ட்ரம்பெட் மாரிஸ் மர்ஃபி. அந்தக் குழுவில் சேர்ந்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலையே இது. பிசிறினால் திரும்ப வாசிக்கலாம், நடுவில் ஓய்வும் உண்டு. ஜான் வில்லியம்ஸ் அப்படிப் பதிவுக்கூடத்துக்காக எழுதிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேர இசையை இன்று ஒரே இடைவேளையோடு ஒரே மாலையில் ஊதித் தீர்க்கிறார்கள்.

இந்தப் பாடு நம் நாயனக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். இரட்டை நாயனத்தில் ஒருவர் ஊதும்போது மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்வார். தவில் தனி வந்தால் இருவருக்கும் ஓய்வு. அங்கேயும் பல குழுக்கள் முதல் ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் ஓர் உதவிக் கலைஞரை உட்காரவைக்கின்றன. எல்லாரும் சேர்ந்து முழங்கும் இடங்களை உதவியாளர் ஏற்றுக்கொள்கிறார். மூத்தவர் கருவியை மடியில் சாய்த்து, சிறு அடைப்பைத் திறந்து உள்ளே சேர்ந்த நீரை வடித்துவிட்டு, உதட்டை நாவால் ஈரப்படுத்திக்கொண்டு அடுத்த உச்ச ஸ்தாயிக்காகக் காத்திருக்கிறார். யார் எதை வாசிப்பது என்ற இந்தப் பங்கீட்டில்தான் குழுவின் புத்திசாலித்தனம் தெரிகிறது.

அது சரியாக இருந்ததா என்பதைப் படத்தின் இறுதியில் வரும் யாவின் போர்க்காட்சி காட்டிக்கொடுத்துவிடும். பித்தளை வாத்தியங்களை ஓயவிடாத இசை அது. அதை முடித்த கையோடு அரியணை மண்டபக் காட்சி. தொடக்கமே ட்ரம்பெட் முழக்கம். படத்தின் முதல் நிமிடத்தில் கேட்ட அதே பளபளப்பு இங்கேயும் இருந்தால், அது முதல்தரக் குழு. சுருதி அரை இழை இறங்கி, ஓசை மட்டும் பெருத்திருந்தால், பாதிப் படத்திலேயே பலத்தைச் செலவழித்துவிட்டார்கள் என்று பொருள்.

டிக்கெட் எடுக்கும்போது மாடி முன்வரிசையைக் கேளுங்கள். கீழே அமர்ந்தால் வயலின்கள் இவர்களை மறைத்துவிடும். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் சினிமாக் கொட்டகைப் பழக்கத்தில் எழுந்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் மூச்சையெல்லாம் திரட்டி அவர்கள் வாசிப்பது அப்போதுதான். நடத்துநர் முதலில் எழுப்பிக் கைதட்டல் வாங்கித் தர வேண்டியதும் அந்தப் பின்வரிசைக்கே.