நோயுற்ற குழந்தை

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 'நோயுற்ற குழந்தை' மிகச் சிறிய ஓவியம். உயரம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டரே. 1629-இல் லெய்டனில் பிறந்த கப்ரியேல் மெட்சு 1660-களில் இதனைத் தீட்டினார். 1663, 1664 ஆம் ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமைக் கொள்ளைநோய் வாட்டியது. எனினும் படத்தில் மருத்துவர் இல்லை. அழுது புலம்புவோரும் இல்லை. துவண்ட கால்களோடு தாயின் மடியில் சாய்ந்திருக்கிறது குழந்தை. அருகே மண்கலத்தில் உணவு. அதில் ஒரு கரண்டி.

பின்சுவரில் ஆண்டவரின் சிலுவைப்பாட்டைக் காட்டும் படம் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. மகனை மடியில் தாங்கிய வியாகுல அன்னையை நாம் நினைக்காதிருக்க இயலாது. கலை அறிஞர் பலரும் அவ்வாறே கண்டனர். ஆயின் அந்த நினைவோடு நின்றுவிட்டால் ஓவியத்தைப் பாதியே பார்த்தவராவோம். மரியன்னையின் மடியில் கிடந்தது உயிர் நீத்த உடல். இக்குழந்தையின் கண்களோ இன்னும் திறந்திருக்கின்றன. சிலுவையைச் சுவரில் மங்கலாக நிறுத்திய மெட்சு, சிவப்பு, நீலம் முதலிய தெளிந்த வண்ணங்களைத் தாய்க்கும் சேய்க்குமே அளித்தார்.

துன்புறுவோரைக் கண்டதும் சிலுவையைச் சுட்டித் தேற்ற விரைகிறோம் நாம். இத்தாய் அதன்பக்கம் திரும்பவில்லை. குனிந்து பிள்ளையின் முகத்தையே நோக்குகிறாள். அவளது செபம் அப்பார்வையில் இருக்கிறது. குழந்தை பிழைத்ததா என்பதை ஓவியர் சொல்லவில்லை. அவளுக்கும் அப்போது அது தெரியாது.