மாதிரி அள்ளிய வத்தல் எங்கே? சாய்நாத்தின் செய்தி எழுத்தைப் பற்றி

சில வருடங்களுக்கு முன் மிளகாய் வத்தல் விலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பத்து வருட விலையை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, வரைபடம் போட்டு, மழைக் கணக்கோடு ஒப்பிட்டு, ரொம்பப் பெருமையாக அப்பாவிடம் படித்துக் காட்டினேன். திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் வானம் பார்த்து மிளகாய் போட்ட மனுசர். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிதாம்ல, மாதிரி அள்ளுனத எங்க போட்ருக்க?" என்றார்.

விளங்கவில்லை. அப்புறம் சொன்னார். அவர் வத்தல் கொண்டுபோன கமிஷன் கடையில் மூட்டையைப் பிரித்ததும் தரம் பார்க்க என்று ஒருத்தர் ஒரு கை அள்ளுவார். வாங்க வந்தவர் ஒரு கை. எடை போடுகிறவர் ஒரு கை. அள்ளியது மூட்டைக்குத் திரும்பாது. அதன் பிறகுதான் தராசு. என் ஸ்ப்ரெட்ஷீட் தராசுக்குப் பிறகுதான் ஆரம்பித்திருந்தது. அதற்கு முன்னால் போனது எந்தக் கட்டத்திலும் இல்லை.

பி. சாய்நாத்தை நான் ஒழுங்காகப் படித்தது இதற்குப் பிறகுதான். 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' 1996-ல் வந்த புத்தகம். பிளிட்ஸ் பத்திரிகையில் பல வருடம் இருந்தவர், 1993-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா உதவித்தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குப் போய் அனுப்பிய செய்திக் கட்டுரைகளின் தொகுப்பு. ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேச மாவட்டங்களோடு நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. ராமநாதபுரம் பகுதியில் ஒரு கட்டுரை மிளகாய்த் தரகர்களைப் பற்றியது. ஆங்கிலத்திலும் 'தரகர்' என்றே எழுதியிருக்கிறார். கடன் கொடுத்தவரே தரகர், அதனால் அவரிடம்தான் விற்க வேண்டும். விலையும் அவர் வழியாகத்தான் வரும், கமிஷனும் அவருக்குத்தான். மாதிரி என்று போகிற வத்தலும் அதில் இருக்கிறது. அப்பா சொன்ன அதே கணக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அச்சில்.

அவருக்கு அது எப்படிக் கண்ணில் பட்டது என்பதுதான் என் கேள்வி. வறுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரு சம்பவத்தைத் தேடிப் போவார்கள். பஞ்சம், பட்டினிச் சாவு, போராட்டம் என்று ஏதாவது. சாய்நாத் தேடியது நடைமுறையை. ஒரு மூட்டை வயலிலிருந்து கிளம்பி யார் யார் கை மாறி எங்கே போகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு குறைகிறது? எங்கள் தொழிலில் ஒரு பிழையைப் பிடிக்க தரவு போகிற பாதையை வரிசையாகத் தொட்டுப் பார்ப்போம். கிட்டத்தட்ட அதே வேலை. வித்தியாசம், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன், அவர் நடந்து பார்த்தார். கோட்டா மாவட்டத்தில் இருநூறு கிலோவுக்கு மேல் நிலக்கரியை சைக்கிளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பற்றி எழுத, அவரோடு சேர்ந்தே நடந்திருக்கிறார்.

நுவாபாடா மாட்டுக் கதை இதற்கு நல்ல உதாரணம். பால் பெருக்க ஒரு அரசுத் திட்டம். கலப்பினம் கெட்டுப்போகக் கூடாது என்று உள்ளூர்க் காளைகளுக்கெல்லாம் காயடித்தார்கள். கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய கன்றுகள்தான் பிறந்தன. பால் கூடவில்லை. நன்றாக இருந்த காரியார் இனம் அந்தப் பக்கத்தில் அழிந்தது. இதில் யாரும் திருடவில்லை என்பதுதான் எனக்குத் திக்கென்றது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்திருக்கிறார்கள். ஊழல் செய்தியாக எழுதியிருந்தால் ஒரு வில்லனோடு முடிந்திருக்கும். வரிசையாக எழுதியதால் திட்டம் போடுகிற முறையே கூண்டில் நிற்கிறது.

எண்ணை அவர் கையாளுகிற விதம் அடுத்தது. ராமநாதபுரத்துப் பனையேறி ஒருவர் ஒரு நாளில் ஏறுகிற உயரத்தைக் கூட்டி, அது எத்தனை மாடிக் கட்டடத்துக்குச் சமம் என்று காட்டுவார். 'கடின உழைப்பு' என்று அவர் சொல்லவே வேண்டாம், நமக்கு முழங்கால் வலிக்கும். 2006-ல் மும்பையில் நடந்த லேக்மே ஃபேஷன் வீக்குக்கு அனுமதி பெற்ற பத்திரிகையாளர்கள் 512 பேர். அதே சமயம் விதர்பாவில் பருத்தி விவசாயிகளின் தற்கொலையை எழுதப் போயிருந்த வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் ஆறு பேர். மேடையில் காட்டப்பட்டது பருத்தி ஆடை. மூன்று தகவல், பக்கத்தில் பக்கத்தில். வேறு ஒன்றும் செய்யவில்லை.

2009 மகாராஷ்டிரத் தேர்தலில் காசு வாங்கிப் போட்ட செய்திகளை வெளிக்கொண்டு வந்ததும் இதே உத்தியில்தான். ஒன்றோடொன்று போட்டி போடுகிற நாளிதழ்களில், வேறு வேறு பெயரில், ஒரே கட்டுரை வார்த்தை மாறாமல் வந்திருந்தது. அவர் அவற்றை அருகருகே வைத்தார். எங்களிடம் டிஃப் என்று ஒரு நிரல் உண்டு, இரண்டு கோப்புக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும். இங்கே வித்தியாசம் பூஜ்யம், அதுவே செய்தி.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, உறுத்துகிற இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நக்கல். ஆரம்பக் கட்டுரைகளில் அது கத்தி மாதிரி வேலை செய்கிறது. ஆனால் தொடர்ந்து பத்துக் கட்டுரை படித்தால், அதிகாரி வந்தாலே சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். காளைக்குக் காயடித்த துறையில் ஒருத்தருக்காவது அது தப்பு என்று தோன்றியிருக்கும். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் நடைமுறையில் ஒரு படிதானே? சிரிப்பு அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது.

இரண்டு, 2004-லிருந்து 2014 வரை தி இந்துவில் கிராமப்புறப் பகுதி ஆசிரியராக இருந்தபோது எழுதியவை. விவசாயிகள் தற்கொலையை நாட்டின் காதில் விழவைத்தது அந்த எழுத்து, அதில் சந்தேகமில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை வருடா வருடம் எடுத்துப் பேசினார். நிலப் பட்டா பெயரில் இல்லாத பெண்கள் விவசாயியாகவே எண்ணப்படுவதில்லை என்று அந்தக் கணக்கில் இருந்த ஓட்டையையும் அவரே காட்டினார். ஆனால் மொத்த எண் முன்னால் வந்து நிற்க நிற்க, மனிதர் பின்னால் போனார். மொத்த எண்ணைச் சொன்னவுடன் 'எத்தனை பேரில்?' என்று ஒருவர் கேட்பார். விமர்சகர்கள் கேட்கவும் செய்தார்கள். பேராசிரியர் கே. நாகராஜ் போன்றவர்கள் விகிதமாகவும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பத்திக்குள் அந்த விவாதமெல்லாம் அடங்காது, சரி. ஆனால் பனையேறியின் உயரத்தை யாரும் இப்படி எதிர்க்கேள்வி கேட்க முடியாது. அது ஒருவரின் ஒரு நாள், கூட நின்று எண்ணியது.

இது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2014 டிசம்பரில் 'பாரி' என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார். கிராமத்து மனிதர்களின் வேலை, பேச்சு, பாட்டு எல்லாம் அவர்கள் முகத்தோடு அங்கே இருக்கின்றன, தமிழிலும் படிக்கலாம். 2022-ல் வந்த 'தி லாஸ்ட் ஹீரோஸ்' புத்தகத்தில், விடுதலைப் போரில் நின்று மீதியிருந்த முதியவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதினார். நம் சங்கரய்யாவும் நல்லகண்ணுவும் அதில் இருக்கிறார்கள். புள்ளிவிவரத்திலிருந்து மறுபடி ஆளுக்கு வந்துவிட்டார்.

செய்தி எழுத்தில் 'நடை' என்று நாம் பேசுவது பெரும்பாலும் வாக்கியத்தை. சாய்நாத்தின் வாக்கியங்கள் சாதாரணம்தான், குட்டி குட்டியாக இருக்கும். அவர் திறமை, எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில். தராசுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

என் மிளகாய்க் கட்டுரையை இன்னும் திருத்தவில்லை. வரைபடம் அப்படியே இருக்கிறது. புதிதாக ஒரு நோட்டு போட்டு, வத்தல் விற்ற சம்சாரிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதி வருகிறேன்: கடன் யாரிடம், எந்த மாசம், தராசு யாருடையது, எத்தனை கை அள்ளினார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் உட்காரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார்கள்.