காவிரிச் சிக்கலும் நட்சத்திர முகங்களும்: ஊடகப் பொதுக்கருத்து குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

புகழ்பெற்றோரின் பேச்சால் மக்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்கின்றனர் என்பது ஊடக ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் கருதுகோள். காவிரிப் படுகையை முன்வைத்து நோக்கும்போது இது போதுமானதாக இல்லை. தஞ்சை உழவர் தம் நீருரிமையை நடிகரிடமிருந்து கற்கவில்லை. படுகைக்கு வெளியே வாழ்வோருக்குக் காவிரிச் சிக்கல் என்பது எது என வரையறுப்பதே நட்சத்திரப் புகழ் செய்யும் பணி. இதனை 2002, 2018 ஆண்டு நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பங்கேற்பே பேசுபொருளாதல்

2002 அக்டோபர் 12 அன்று இயக்குநர் பாரதிராஜா தலைமையில் திரையுலகினர் நெய்வேலியில் பேரணி நடத்தினர். கர்நாடகத்திற்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. அதில் பங்கேற்காத ரஜினிகாந்த் மறுநாள் சென்னையில் தனியே உண்ணாவிரதம் இருந்தார். யார் எங்குச் சென்றார், யார் செல்லவில்லை என்பதே பொதுவெளிப் பேச்சில் பேரிடம் பெற்றது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய 192 டி.எம்.சி. நீரை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரிய போராட்டங்களுக்கிடையே, ஏப்ரல் 8 அன்று நடிகர் சங்கம் சென்னை வள்ளுவர் கோட்டத்தில் மௌனப் போராட்டம் நடத்தியது. ஜூன் மாதம் வெளியான ‘காலா’ திரைப்படமோ, ரஜினிகாந்தின் காவிரிக் கருத்துகளை முன்னிட்டுக் கர்நாடகத்தில் எதிர்ப்பைச் சந்தித்தது. இரு மாநிலங்களிலும் நடிகரின் முகமே மாநிலத்தின் முகமாகக் கொள்ளப்பட்டது.

ஊடகம் தான் கவனிக்கும் மனிதருக்கும் சிக்கலுக்கும் மதிப்பை வழங்குகிறது என லாசர்ஸ்ஃபெல்டும் மெர்ட்டனும் 1948இல் எடுத்துரைத்தனர். இங்கு ஊடகம் நடிகருக்கு வழங்கிய மதிப்பு, நடிகர்வழிச் சிக்கலுக்குச் சென்று சேர்கிறது. இதன் பயனை மறுக்க இயலாது. நெல் விளையும் ஊர்களின் குரல் தலைநகரத் திரைகளை எட்டியது. ஆயினும், எதிரியாக அண்டை மாநிலத்தைக் காட்டவல்ல கூறுகள் மட்டுமே இவ்வழியில் பயணம் செய்தன.

கடைமடையின் விடுபடல்

அதே ஆண்டு ஜூலை 19 அன்று மேட்டூர் அணை பாசனத்திற்குத் திறக்கப்பட்டது. அணை நிரம்பி, உபரிநீர் கொள்ளிடம் வழியே கடலுக்குச் சென்றது. அந்நிலையிலும் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை எனக் கடைமடை உழவர்கள் முறையிட்டனர். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. தூர்வாருதல், மதகுப் பராமரிப்பு, தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான நீர்ப்பகிர்வு ஆகியவை தமிழக அரசை நோக்கிய வினாக்கள். இவற்றிற்காக வள்ளுவர் கோட்டத்தில் கண்டது போன்ற நட்சத்திரத் திரளல் நிகழவில்லை.

எம்.ஜி.ஆர். குறித்து 1992இல் வெளிவந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ஆய்வு, திரைப்பிம்பம் எளிய மக்களின் ஆதரவை எவ்வாறு பெற்றது என வினவியது. காவிரிப் படுகை வேறொரு வினாவையும் வேண்டுகிறது: பிம்பத்தின் ஒளியில் எளிய மக்களின் எந்தக் கோரிக்கை காணாமற்போகிறது?

முடிவுரை

நட்சத்திரப் புகழின் செல்வாக்கை ரசிகர் எண்ணிக்கையாலும் வாக்கு மாற்றத்தாலும் மட்டும் அளப்பது குறைபாடுடையது. நாளிதழ்களின் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டப் பக்கங்களை அதே நாள்களின் முதற்பக்கங்களோடு ஒப்பிட்டால், எவ்வினா முன்னேறியது, எவ்வினா வாய்க்கால் கரையிலேயே தங்கியது என்பது புலப்படும். அவ்வொப்பீடு இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.