பள்ளிக்கு வராத செய்தி

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவர் இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியதோடு நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நிற்கவில்லை. உரிய சட்டம் வரும்வரை நாடெங்கும் கல்வி நிலையங்களைக் கட்டுப்படுத்தும் 15 நெறிமுறைகளையும் வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி. இவற்றையெல்லாம் கண்காணிக்க மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு.

இந்தக் குழு ராமநாதபுரத்தில் என்ன சாதிக்கும் என்பதே இங்கே கேள்வி.

மனநலம் பற்றிய நீதிமன்ற உத்தரவு இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பேற்றது. மாவட்ட மனநலத் திட்டம் இங்கே வந்ததும் அதன் பிறகுதான். ஆனால் அந்தத் தீ உருவாக்கிய அமைப்பு, தீவிர மனநோய் கண்ட பெரியவர்களை மனத்தில் வைத்து எழுந்தது. மருத்துவர், மாத்திரை, மாதம் ஒருமுறை வருகை என்பது அதன் நடைமுறை. எட்டாம் வகுப்பில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பையன் அதன் கண்ணில் படமாட்டான். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது. 50 பேர் உட்காரும் வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று கணக்கு வரும்.

பிள்ளைகளுக்கென்று திட்டமே இல்லையா என்றால், திட்டங்களுக்குக் குறையே இல்லை. 2013இல் குழந்தைகளுக்கான உடல்நலப் பரிசோதனைத் திட்டம். 2014இல் வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம். 2020இல் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கும் திட்டம். அதே ஆண்டில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ‘மனோதர்ப்பன்’. 2022இல் மனநல உதவிக்கு 14416. தமிழ்நாட்டின் பங்குக்குக் கல்வி உதவி எண் 14417, ‘மாணவர் மனசு’ பெட்டி, ‘மனம்’ மன்றங்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. இத்தனையையும் பள்ளிச் சுவரில் எழுதினால் திருக்குறளுக்கு இடம் இருக்காது. கடைசி இலக்கம் பிசகினால் மனநலத்துக்கு அடித்த போன் கல்வித் துறைக்குப் போகும் என்பது தனிக் கதை.

உதவி எண்களைக் கேலி செய்வது சுலபம், அது நியாயமில்லை. தனுஷ்கோடிப் பக்கமிருந்தோ பாம்பனிலிருந்தோ ராமநாதபுரம் போய்வர அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். மனநல மருத்துவர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பதை ஊரார் யாராவது பார்த்துவிட்டால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் இரவில் பேச முடிகிற எண் அந்தப் பிள்ளைக்குப் பெரிய காரியம். ஆனால் அழைப்பது பிள்ளையாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பேச்சை நிறுத்திவிட்ட பையன் எந்த எண்ணுக்கும் போன் செய்வதில்லை.

அப்படியானால் ஆசிரியர். தினம் பார்க்கிறவர் அவர்தான். யார் மூன்று நாளாக வரவில்லை, யார் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அவருக்குத் தெரியும். அதே ஆசிரியர்தான் மதிப்பெண்ணும் போடுகிறார். போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி, பாலியல் கொடுமை பற்றித் தெரிந்தால் புகார் கொடுத்தாக வேண்டிய கடமை எல்லோரையும் போல அவருக்கும் உண்டு. மறைத்தால் 21வது பிரிவின் கீழ் அவரே குற்றவாளி. அந்தக் கடமை சரியானதே. ஆனால் மதிப்பெண் போடுகிறவரையே ஆலோசகர் நாற்காலியில் உட்கார வைக்கும் முன் யோசிக்க வேண்டும். கவனிப்பது ஆசிரியரின் வேலை. அதற்குமேல் இரண்டு நாள் பயிற்சியும் ஒரு கையேடும் கொடுத்து அவர் தலையில் ஏற்றுவது அரசுக்கு மலிவு, அவ்வளவுதான். முழுநேர உளவியலாளரை வைத்து வேறு வழியையும் முயன்று பார்த்தோம்: ஜெயலலிதா ஆட்சியில் நடமாடும் ஆலோசனை மையங்கள் வந்தன. அன்றைய 32 மாவட்டங்களுக்குப் பத்து வண்டிகள்!

இந்தக் கரைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன. மறுநாள் விடியும்போது சில படகுகள் திரும்பாமல் போவது இங்கே அபூர்வமில்லை. இலங்கைக் கடற்படை பிடித்து, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தி, யாழ்ப்பாணச் சிறையில் அடைத்த செய்தி மீன்வளத் துறைக்குப் பெயர், ஊர், படகு எண்ணோடு வந்துவிடும். முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறார். குடும்பத்துக்கு நாள்கணக்கில் உதவித்தொகை ஒதுக்கப்படுகிறது. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டின் பிள்ளைகள் இன்றிலிருந்து எப்படித் தூங்கப் போகிறார்கள் என்று ஊகிக்கத் தேவையான அத்தனை விவரமும் அரசின் கையில், அன்றைக்கே இருக்கிறது. ஆனால் அது மீன்வளத் துறையின் படிகளில் ஏறி இறங்கும் செய்தி. பள்ளி அதன் வழியில் இல்லை. பிள்ளை வகுப்பில் தூங்கினால் ஹெச்.எம். திட்டுவார்.

போக்சோவில் நிலைமை வேறு. வழக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே கடிகாரத்தை வைத்திருக்கிறது. நடைமுறையில் தவறலாம், தவறினால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும். குற்றம் நடந்த இடத்தில் துறைகளை நேரம் குறித்துக் கட்டிப்போட்ட அரசு, துக்கம் நடந்த இடத்தில் எதையும் குறிக்கவில்லை. இலங்கைத் தமிழர்கள் வாழும் மண்டபம் மறுவாழ்வு முகாமுக்கும் இது பொருந்தும்: முகாம் ஒரு துறை, பள்ளி ஒரு துறை, மருத்துவமனை இன்னொரு துறை.

கைதுச் செய்தி பள்ளிக்கும் போக வேண்டும் என்றால், அதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறையில் இருப்பவரின் பிள்ளை என்று பள்ளிக்கு அரசே எழுதி அனுப்பினால், அது முத்திரை குத்துவதாகாதா? சிறிய ஊர்களில் அந்த அச்சம் உண்மையானது. ஆனால் கைதுச் செய்தி துறைமுகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அரசுக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிடுகிறது. அதை ரகசியமாக வைக்கப் பார்ப்பது வீண். காக்கவேண்டியது, அதன்பின் அந்தப் பிள்ளை ஆலோசகரிடம் சொல்வதை. அது பள்ளிப் பதிவேட்டுக்கும் போகக் கூடாது, ஆய்வுக் கூட்டத்துக்கும் போகக் கூடாது.

ஏர்வாடி தர்காவை விட்டுவிட்டு இங்கே எதையும் பேச முடியாது. பிள்ளைக்கு ‘காத்து கருப்பு’ என்று முதலில் ஏர்வாடிக்கு அழைத்துப்போகும் குடும்பங்களை அறிவுரை சொல்லித் திருப்ப முடிந்ததில்லை. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள்படும் ‘தவா-துவா’ திட்டம் அதைப் புரிந்துகொண்டு, பிரார்த்தனையைத் தடுக்காமல் பக்கத்திலேயே மருத்துவத்தை வைத்தது. மக்கள் இருக்கும் இடத்துக்குப் போவது எப்படி என்று இந்த மாவட்டம் ஏற்கெனவே கற்ற பாடம் அது. பள்ளி நெறிமுறைகளில் அதன் சாயல்கூட இல்லை.

என் தீர்ப்பு இது. கலெக்டரைத் தலைவராக்கியது சரி. மீன்வளம், கல்வி, சுகாதாரம், முகாம் எல்லாவற்றையும் ஒரே மேசைக்கு இழுக்க மாவட்டத்தில் வேறு நாற்காலி கிடையாது. 100 பேர் என்ற வரம்பு தவறு. கடலோரக் குப்பங்களில் சிறிய தொடக்கப் பள்ளிகள் பல உண்டு. ‘முறையான தொடர்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவை யாரைத் தேடும்? நான்கைந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்று அரசே சம்பளம் கொடுத்து நியமிக்காவிட்டால், நெறிமுறையின் இந்தப் பகுதி சுற்றறிக்கையாகவே நின்றுவிடும். நிலையங்கள் தரவேண்டிய ஆண்டறிக்கை, எத்தனை பேரை மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தோம் என்று கேட்கிறது. கேட்கவேண்டியது எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறையும் போனார்கள் என்பதை. 2022 ஜனவரியில் திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, அந்தக் கணக்கை மதுரையில் தேட வேண்டியதில்லை.

நெறிமுறை அந்தக் குழுவுக்குக் கல்வி, சுகாதாரம், குழந்தைப் பாதுகாப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகளைச் சொல்கிறது. முதல் கூட்டத்துக்கு மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும் அழைப்பு போகிறதா என்று பார்க்க வேண்டும்.