காட்டிக்கொடுப்பதும் எதிர்த்து நிற்பதும்

இடப்புறம் ஒரு சொல், வலப்புறம் அதன் எதிர்ச்சொல் என்று ஆங்கில வழிகாட்டி நூல்கள் அடுக்கும் பட்டியல்களுக்கு இப்போது ஆசிரியர்களே பரிந்து பேசுகிறார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும், மெல்லக் கற்கும் பிள்ளையும் பயமில்லாமல் எழுதிவிடும் என்கிறார்கள். பயம் போவது உண்மை. உயரம்–குட்டை, திற–மூடு போன்ற ஜோடிகள் மனத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்வதும் உண்மை. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே தம் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது, அவரும் எதிரெதிர்க் கருத்துகளை அருகருகே இரு பத்திகளில்தான் வைத்தார்.

என் மறுப்பு வினைச்சொற்களைப் பற்றியது. அதிலும் விசுவாசத்தைத் தொடும் வினைச்சொற்களைப் பற்றியது. வகுப்பில் நின்ற காலம் முழுக்க இதைச் சொல்லிவருகிறேன்.

அந்தப் பட்டியல்களில் 'பிட்ரே', அதாவது துரோகம் செய்தல் என்பதற்கு எதிரே 'சப்போர்ட்', அதாவது ஆதரித்தல் என்றிருக்கும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பயந்தவனின் குரல் அவன் பயத்தை 'பிட்ரே' செய்ததாக வந்த வாக்கியத்தைக் காட்டி, "குரல் எப்படி சார் துரோகம் பண்ணும்?" என்று கேட்டாள். பட்டியலை நம்பினால் அந்த வாக்கியத்தின் எதிர், குரல் பயத்துக்கு ஆதரவு தந்தது என்றாகும். உண்மையில் அங்கே எதிர்ச்சொல் 'மறைத்தது'. நான் சொன்னது ஒரே ஒரு சொல்: காட்டிக்கொடுத்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது. நண்பனையும் காட்டிக்கொடுக்கலாம், பயத்தையும் காட்டிக்கொடுக்கலாம். தமிழ் விவிலியத்தில் யூதாஸ் செய்ததற்கும் இதே சொல்தான். 'பிட்ரே'யின் வேரான லத்தீன் வினைக்கும் ஒப்படைப்பது என்றே பொருள்.

இதைவிடப் பெரிய கேடு 'டிஃபை', அதாவது எதிர்த்து நிற்றல் என்ற சொல்லுக்கு நேர்கிறது. பட்டியலில் அதற்கு எதிர் 'ஒபே', அதாவது கீழ்ப்படிதல். 'பிட்ரே'க்கு எதிராகச் சில நூல்கள் விசுவாசமாயிருப்பதைத் தருகின்றன. இரண்டையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, கீழ்ப்படிபவன்தான் விசுவாசி, மீறுபவன் துரோகி என்று பதிந்துவிடுகிறது. சொல்லின் வரலாறே இதை மறுக்கிறது. 'டிஃபை' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அளித்த விசுவாசத்தை விலக்கிக்கொள்வதாக அறிவிப்பதே அதன் முதற்பொருள். இடைக்கால ஐரோப்பாவில் பிரபு தன் அரசனோடு போரிடுமுன் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 1215 மே மாதம் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் மன்னனுக்கு அப்படித்தான் அறிவித்தார்கள். அடுத்த மாதம் மாக்னா கார்ட்டா வந்தது. துரோகி செய்வது இதற்கு நேர்மாறு. கூடவே இருப்பான், சொல்ல மாட்டான், சிரித்த முகம் மாறாது. ஒருவன் வாசலில் நின்று சொல்கிறான், மற்றவன் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுகிறான். 'டிஃபை'க்கு எதிர் கீழ்ப்படிதல் என்பதைக் காட்டிலும், இந்த இருவரில் ஒருவன் மற்றவனுக்கு எதிர் என்று சொல்வதில் அதிக நியாயம் இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் கென்ட் பிரபு அரசனை முகத்துக்கு நேரே எதிர்க்கிறான். நாடுகடத்தப்படுகிறான். வேடம் மாற்றித் திரும்பி வந்து அதே அரசனுக்கு ஊழியம் செய்கிறான். அரசன் கேட்டபடியெல்லாம் அன்பைப் புகழ்ந்து பேசிய மூத்த மகள்கள் இருவரும் அவனைப் புயலில் வெளியே விட்டுக் கதவடைக்கிறார்கள். பட்டியலை மட்டும் கற்ற பிள்ளை இந்த நாடகத்தை எப்படிப் படிக்கும்? கென்டை எந்தப் பத்தியில் வைக்கும்?

ஒரு மதிப்பெண் சிறிதுதான். அதற்காக ஒரு தலைமுறைக்கு மீறலையும் துரோகத்தையும் ஒன்றாகக் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வழிகாட்டி எழுதும் நண்பர்களே, இந்த இரண்டு சொற்களுக்காவது எதிர்ச்சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் அச்சிடுங்கள்.